செடிக்கு வைத்த தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குச் செடி ஆசை வந்ததே சிறுநீரகம் போன பிறகுதான். அதற்கு முன்னால் அவர் எந்தச் செடியையும் நின்று பார்த்தவரில்லை. லிஃப்ட் மெக்கானிக். பாசமெல்லாம் மோட்டார் மீதும் இரும்புக் கயிறு மீதும்தான். டயாலிசிஸ் ஆரம்பித்து, வேலையை விட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவை வேடிக்கை பார்க்கிற நிலைமைக்கு வந்த பிறகு, ஒரு நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஜன்னல் விளிம்பில் குட்டிக் குட்டியாக மூன்று தொட்டிகள்.

தொட்டி என்று சொல்வதே அதிகம். காபி கப் அளவுதான் ஒவ்வொன்றும். ஒன்றில் இலைகள் அடுக்கடுக்காக விரிந்து பூ மாதிரி இருந்தது. இன்னொன்றில் பச்சை மணிகள் கோத்த சரம் தொட்டிக்கு வெளியே தொங்கியது. மூன்றாவது குட்டையாக, வெள்ளைக் கோடு போட்டு, தொட்டால் குத்துமோ என்று பயப்படுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் இலை மட்டும் கொழுகொழுவென்று சதை பிடித்திருந்தது. சக்குலென்ட் என்று பெயராம்.

"யாரு குடுத்தா?" என்றேன்.

"அக்கா வாங்கிக் குடுத்தா. டயாலிசிஸ் சென்டருக்குப் பக்கத்துல ஒரு கடை இருக்கு."

அக்கா என்றால் என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பேக்கரியில் விடியற்காலை ஷிஃப்ட் அவளுக்கு. மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து பவர் பார்க்கிறவள். கடை மூடும்வரை நகர முடியாது. அதனால் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது, ஊசி குத்தும்போது பக்கத்தில் நிற்பது, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவது எல்லாம் அண்ணிதான். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை, இருப்பது இந்தத் தம்பி ஒருத்தன்தான் என்று வாயாரச் சொல்லிக்கொள்வாள். சிறுநீரகமும் அவள்தான் தருவதாக இருந்தது. "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை எடுத்துக்கட்டும். சின்ன வயசுலேர்ந்து என்கிட்ட பிடுங்கித் தின்னே பழக்கப்பட்டவன்," என்று டாக்டர் முன்னாலேயே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பரிசோதனையெல்லாம் முடிந்து, பொருந்துகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் குழு ஒன்று அவளைக் கூப்பிட்டுப் பேசி, அவள் மனதாரத்தான் தருகிறாளா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டியது மட்டும் பாக்கி.

அது வரைக்கும் என் வேலை தண்ணீரைக் காவல் காப்பது. சிறுநீர் போகாத உடம்புக்குள் குடித்த தண்ணீர் அப்படியே தங்கிவிடும். அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காலில் நிற்கும், நெஞ்சில் நிற்கும், இதயத்தைப் போட்டு அமுக்கும். ஒரு சின்ன பாட்டில்தான் ஒரு நாளைக்கு. மாத்திரை விழுங்குவதும் அதில்தான், வாய் நனைப்பதும் அதில்தான். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். வாயில் வைக்க விளங்காது, தாகத்தைத்தான் கூட்டும். குடிக்கிற தண்ணீர் பெரிய கேனில் வரும். வேலைக்குப் போகும்போது கேனில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவேன். அந்தக் கோட்டைப் பார்த்து அவர் ஒரு தடவை, "நான் உன் புருஷனா, திருடனா?" என்று கேட்டார். "நீங்க ஒழுங்கா இருந்தா புருஷன்," என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன், என் வாய் அப்படி.

செடி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மனிதருக்குக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இலைகளில் இருந்த தூசியை ஒவ்வொன்றாகத் துடைப்பார். வெயில் நகர நகரத் தொட்டிகளைத் திருப்பி வைப்பார். அடியில் காய்ந்துபோன இலையை விரல் நகத்தால் நோகாமல் கிள்ளி எடுப்பார். ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் அக்காவும் தம்பியும் அந்தக் கடைக்குப் போய் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடியில் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். இலையின் பின்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாராம். லிஃப்ட் சர்வீஸ் செய்ய வந்தவர் மாதிரி நடந்துகொள்கிறார் என்று அண்ணி சொல்லிச் சிரித்தாள். ஜன்னல் விளிம்பு நிறைந்து, பிறகு அலமாரியின் மேல்தட்டும் நிறைந்தது.

"இதுக்கு உப்புத் தண்ணி ஆகாது. குடிக்கிற தண்ணிதான் ஊத்தணும். செடிக்காரம்மா சொன்னாங்க," என்றார் அவர்.

"எத்தனை தடவை?"

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடைக்குப் போகிற வழியில் அழகான சின்னப் பூவாளி ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, கேனிலிருந்து அந்தப் பூவாளியை நிறைத்து ஜன்னலில் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கேனில் கோடு போடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பூவாளி காலியாக இருக்கும். கேனில் கோடு கோட்டிலேயே இருக்கும். எனக்கு அப்பாடா என்று இருக்கும்.

ஆனால் எடை ஏறியது. டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். முந்தின தடவைக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. நர்ஸ் எனக்கு போன் செய்து சத்தம் போட்டாள். "வீட்ல என்ன பண்றீங்க? குடம் குடமா குடுக்கறீங்களா?" நான் சமையலில் உப்பை நிறுத்தினேன். பழத்தை நிறுத்தினேன். வீட்டுக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். காலில் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்கினார்.

"யாரு குடுக்கறா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"யாரும் குடுக்கல."

"அப்புறம் எப்படி ஏறுது? காத்தைக் குடிச்சா?"

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு செடியைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்றைக்குக் குப்பைக் கூடையில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. நான் ஆரஞ்சு வாங்கியே பல மாதம் ஆகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பகலில் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஆள். தம்பி வாயைத் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள். அண்ணிக்கு மனசு வெண்ணெய். அந்த வெண்ணெய்தான் இவரைக் கொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையோடு வந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"அண்ணி, பையைத் திறந்து காட்டுங்க."

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பையைத் திறந்து காட்டினாள். பேப்பரில் சுற்றிய புதுச் செடி ஒன்று, கூடவே நாலைந்து ஆரஞ்சு.

"இது என்ன?"

"உனக்குத்தான். நீ ஒழுங்காவே சாப்பிடறதில்லன்னு அவன் சொன்னான். போன தடவையும் உனக்குன்னுதான் வெச்சுட்டுப் போனேன்."

"எனக்கு எதுவும் வந்து சேரலையே. யாரு தின்னான்னு தெரியுதுல்ல? ஜூஸும் குடுக்கறீங்க, தண்ணியும் குடுக்கறீங்க. பாசம் காட்டறேன்னு தம்பியைப் பாடையில ஏத்தப் பாக்கறீங்களா?"

இன்னும் என்னென்னவோ பேசினேன். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, அதனால்தான் அடுத்தவள் வீட்டில் வந்து அதிகாரம் செய்கிறீர்கள் என்றும் பேசினேன். அவள் உள்ளே வந்து ஜன்னலோரம் நின்றாள். நான் அன்றைக்குக் காலையில் நிறைத்து வைத்த பூவாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். ஒரு தொட்டியில் விரலை விட்டு மண்ணைக் கிளறினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"டேய், நீ ஏதாவது சொல்லப் போறியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு தொட்டியை வெயிலுக்குத் திருப்பி வைத்தார். அண்ணி செடியையும் ஆரஞ்சையும் மேஜை மேல் வைத்துவிட்டு, காலி பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். பதில் சொல்ல முடியாமல் போகிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வெற்றி வேறு.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் குழு கூப்பிட்ட நாளில் அங்கேயும் போகவில்லை. அங்கிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "தர்றவங்க வரலைங்க. மனசு மாறிட்டாங்களா?" என்று கேட்டாள். அவரிடம் சொன்னால், "வருவா," என்றார். ஒரே வார்த்தை. அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு நானே அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். அண்ணி வராமலே எடை ஏறியது. முன்னைவிட அதிகமாக ஏறியது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயம் வீங்கியிருக்கிற படத்தைக் காட்டினார். "இப்படியே போனா ஆபரேஷனை இவரு உடம்பு தாங்காது. தர்றதுக்கு ஆள் இருந்தாலும் வைக்க முடியாம போயிடும். சீக்கிரம் ஒரு வழி பண்ணுங்க," என்றார்.

இந்த லட்சணத்தில் செடிகளும் ஒரு மாதிரியாக ஆகிக்கொண்டிருந்தன. பூ மாதிரி விரிந்திருந்தது உள்ளே சுருண்டுகொண்டது. மணிச் சரத்தில் மணியெல்லாம் வற்றிச் சுருங்கிவிட்டது. கொழுகொழு இலைகளில் சுருக்கம் விழுந்து, தொட்டால் காலிப் பை மாதிரி தொளதொளத்தது. தினமும் இரண்டு வேளை ஊற்றுகிறாரே, தண்ணீர் அதிகமாகித்தான் இப்படியோ என்று நினைத்தேன். அவர் மெஷினில் படுத்திருந்த ஒரு மதியம், வெறுமனே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், கையோடு கொண்டுவந்திருந்த ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன்.

செடிக்காரம்மா என்னைவிடச் சின்னவள். காதில் போனை மாட்டிக்கொண்டு யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே என் கையிலிருந்து தொட்டியை வாங்கினாள். இலையை ஒரு தட்டுத் தட்டினாள். தொட்டியைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். பிறகு போனில் இருந்த ஆளிடம், "அப்புறம் கூப்பிடறேன்," என்றாள்.

"எத்தனை நாளாச்சு இதுக்குத் தண்ணி விட்டு?"

"தினம் விடறோம். ரெண்டு வேளை."

"விளையாடாதீங்கக்கா."

"நான் எதுக்கு விளையாடறேன்? நானே தண்ணி எடுத்து வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

அவள் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, மண் கட்டியை அப்படியே வெளியே எடுத்தாள். வறண்டு இறுகிப் போயிருந்தது. வேரெல்லாம் நூல் நூலாகக் காய்ந்து கிடந்தது. "இதுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை விட்டாலே போதும். தினம் விட்டிருந்தீங்கன்னா இலை கண்ணாடி மாதிரி ஆகி, அடித்தண்டு அழுகி, எப்பவோ செத்துப் போயிருக்கும். இது தண்ணியையே பாக்கல. இலையில வெச்சிருந்ததையும் தானே குடிச்சுட்டு உக்காந்திருக்கு. இது டயாலிசிஸுக்கு வர்ற அண்ணன் வாங்கினதுதானே? வாங்கும்போதே சொன்னேனே அவர்கிட்ட. அவரு அக்காவும் கூட இருந்தாங்க."

"தினம் வேணும்னு அவரு சொல்லலையா?"

"மறந்துடுங்க, அதுதான் இதுக்குப் பராமரிப்புன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு."

மண் கட்டியைத் திரும்பத் தொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் மாட்டி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்கிறவள் நான். என் வீட்டில் தினமும் காலையில் ஒரு பூவாளி நிறைய நல்ல தண்ணீரை என் கையாலேயே எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கேனுக்குக் கோடு போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மீது என்று தெரியாத கோபம்.

உள்ளே போனேன். அவர் கையில் குழாய்கள் செருகிக் கிடந்தார். என் மடியில் இருந்த தொட்டியைப் பார்த்தார். மேல் மண் கலைந்திருந்ததைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க அக்காவை அந்தப் பேச்சு பேசினேனே. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க," என்றேன்.

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ பூவாளியை எடுத்துட்டுப் போயிருப்ப."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம்கூட இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து அவராகவே, "உனக்குத் தாகம்னா என்னன்னு தெரியாது," என்றார். "வேற எதுவுமே நெனப்பு வராது. செடி வாடறது தெரிஞ்சுது. பாவமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் ஊத்தலாம்னு எடுப்பேன். எடுத்தா கை வாய்க்குத்தான் போகும்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தோடேயே அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போர்வையைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் அண்ணியின் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு பேக்கரியின் பின்வாசலுக்குப் போனேன். உள்ளே சூடு தாங்கவில்லை. அவள் தலையில் வலையைக் கட்டிக்கொண்டு, காலி ட்ரேக்களில் ஒட்டியிருந்ததைத் தகட்டால் சுரண்டிச் சுரண்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. தப்பு உங்க மேல இல்ல. அவருதான் பூவாளியில இருக்கறதைக் குடிச்சிருக்காரு."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. மண்ணைத் தொட்டேன், காஞ்சு கெடந்துச்சு. பூவாளியைத் தூக்கினேன், காலியா இருந்துச்சு. இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?" ஒரு ட்ரேயைத் திருப்பிப் போட்டாள். "நீ பேசினதெல்லாம் ராத்திரி தூங்கி எழுந்தா போயிடும். உனக்கு வாய் நீளம், அது ஊருக்கே தெரியும். ஆனா அவன் சொல்லுவான்னு நெனச்சேன். நான் கேட்டுட்டு நிக்கறேன், அவன் தொட்டியைத் திருப்பிக்கிட்டிருக்கான்."

"அவருக்குத் தாகம் அண்ணி. அந்தத் தாகம் நமக்குப் புரியாது."

"புரியுது. அதுக்குத்தானே என் உடம்புல இருந்து எடுத்துத் தர்றேன்னேன். புது கிட்னி வந்தா நல்லாத் தண்ணி குடிக்கணும்னு டாக்டரே சொன்னாரே. அவ்வளவு நாள் என்னைக் காட்டிக்குடுக்காம இருக்க முடியலையா அவனால?"

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "தரமாட்டேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவனை வந்து என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். மறுப்பே சொல்லவில்லை. உடனே சட்டை மாற்றிக்கொண்டார். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று அவரே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். "நான் பண்ணினது துரோகம்தான்க்கா. பயந்துட்டேன்க்கா." நன்றாகத்தான் இருந்தது. எனக்கே தைரியம் வந்தது.

அண்ணி வீடு முதல் மாடி. படி ஏற அவருக்கு முடியவில்லை. இரண்டு படி ஏறி நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். கதவு திறந்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாய்ந்திருந்தது. அண்ணி பதறிப்போய், "உக்காருடா, உக்காரு முதல்ல," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே ஓடினாள். அவளுடைய ஜன்னலிலும் அதே செடிகள் இருந்தன. அவருடைய செடிகளிலிருந்து உதிர்ந்த இலைகளை எடுத்துக்கொண்டு போய் மண்ணில் வைத்து வளர்த்தவை. அவ்வளவும் கொழுத்துப் பளபளத்தன. எப்போதாவது ஒரு நாள்தான் தண்ணீரே விடுகிறவள்.

மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற மனிதருக்கு யாராக இருந்தாலும் எதைக் கொண்டுவந்து கொடுப்பார்களோ அதைத்தான் அவளும் கொண்டுவந்தாள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். அவர் எதிரில் நீட்டிய பிறகுதான் தன் கையில் இருப்பது என்ன என்று அவளுக்கே உறைத்தது. நானும் பார்த்தேன். மூன்று பேரும் அந்த டம்ளரைப் பார்த்தோம்.

"வெச்சிடுக்கா. நான் குடிக்க மாட்டேன்," என்றார் அவர்.

அவள் அதை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் பேச ஆரம்பித்தார். வழியில் சொல்லிப் பார்த்ததைத்தான் சொன்னார். "நான் பண்ணினது துரோகம்தான்க்கா." வார்த்தை ஒன்றும் தப்பவில்லை. ஆனால் அவர் அதை அந்த டம்ளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விளிம்பு வரைக்கும் நின்ற தண்ணீரை விட்டு அவர் கண் நகரவே இல்லை. நான் மெதுவாக அவர் தோளைத் தொட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"என்னைப் பாத்துச் சொல்லு," என்றாள் அண்ணி.

"பயந்துட்டேன்க்கா," என்றார் டம்ளரிடம்.

அண்ணி டம்ளரை எடுத்தாள். எழுந்து போய் அதைக் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை, குடித்தாள். ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அவர் கண் டம்ளரோடு மேலே ஏறி, அவள் வாயில் நின்று, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தது. காலி டம்ளரை அவள் மேஜையில் வைத்தபோது அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லு," என்றாள்.

அவர் உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன.

"நல்லா இருந்துச்சாக்கா?"

ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. குத்தலாகக் கேட்கவில்லை அவர். வேறொன்றுமே அவருக்குள் மிச்சமில்லை, அதனால் கேட்டார். அவருக்காக எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது நான் இல்லை.

"நல்லா இருந்துச்சுடா," என்றாள் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரில பேசித் தேதி கேட்டுச் சொல்லு. கையெழுத்துப் போடறேன். வந்து படுத்துக்கறேன். அது முடிஞ்சதும் இவனை இங்க கூட்டிட்டு வராத."

எதற்காக வந்தோமோ அது கிடைத்துவிட்டது. டாக்டர் கேட்டபடி எடையைக் குறைத்துவிட்டால் அவர் பிழைத்துவிடுவார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவரைக் கையைப் பிடித்து எழுப்பி வாசல் வரைக்கும் கூட்டிவந்தேன். அங்கே நின்று, "வரேன்க்கா," என்றார். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். உள்ளே அவள் குழாயைத் திறந்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் படியிறங்கி முடிக்கும் வரைக்கும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.